கம்பு பிடிக்கிறவனுக்கு முகம் கிடையாது

கமிட்டி என்பது பதிமூன்று பேர். பெரிய ஊரில் ஒரு ஓட்டலைப் பிடித்து உட்கார்ந்து, மூன்று வேளையும் ஓசியில் தின்றுகொண்டு, நாட்டில் அமெரிக்க ஃபுட்பால் ஆடுகிற காலேஜ் டீம்களில் எது ஒன்று, எது இரண்டு என்று வாரா வாரம் வரிசை போட்டு அனுப்புவார்கள். கடைசி வரிசையில் முதல் நாலு இடம் யாருக்கோ அவர்களுக்குத்தான் பிளேஆஃப், அதாவது பட்டத்துக்கான ஆட்டம். ஐந்தாவது வந்தவன் வீட்டுக்குப் போய் மாடு மேய்க்கலாம். அந்தப் பதிமூன்று பேரில் ஒருத்தன்கூட கேடன் மில்ஸ் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை என்பது வெர்னன் டாக்கெட்டின் கட்சி. பார்க்காமலே மார்க் போடுகிறவனை எப்படி நம்புவது? பார்த்துப் போடுகிறவனையே அவன் நம்ப மாட்டான், அது வேறு கதை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரிசை வந்ததும் ஹாய்ட் ஸ்பைவி தன் தீவனக் கடை வாசலில் ஏணி போட்டு ஏறுவான். கடை நெற்றியில் ஒரு தகரப் பலகை. 'கழுதைகளின் ஊர்' என்று எழுதி, பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு நம்பர். கேடன் மில்ஸ் டீமுக்குக் கழுதைகள் என்று பேர். காட்டில் மரம் இழுத்த காலத்தில் வைத்த பேர், அதில் யாருக்கும் வெட்கமில்லை. நம்பரை மாற்றுவது ஹாய்ட். கீழே ஏணியைப் பிடித்துக்கொள்வது வெர்னன். இருபது வருஷமாக அதுதான் வழக்கம்.

"ஆறு!" என்று மேலே இருந்து கத்தினான் ஹாய்ட். "பன்னெண்டு ஆட்டம் ஆடி பன்னெண்டும் ஜெயிச்சவனுக்கு ஆறாவது எடமாம்! ஒண்ணு தோத்த ராத்பர்ன்காரன் ஏழாவதா வந்து நம்ம பொறத்தாலயே மோந்துக்கிட்டு நிக்கறான். பெரிய காலேஜு, பெரிய பேரு. யோவ், ஏணிய ஆட்டாதய்யா."

"நான் எங்க ஆட்டுனேன்? உன் தொப்பை ஆட்டுது."

"சனிக்கிழமை நமக்கு மேல இருக்கறவன்ல ரெண்டு பேரு விழணும். அப்பத்தான் நாம நாலு."

"மேல இருக்கறவன் எப்பய்யா விழுந்திருக்கான்? அப்படியே விழுந்தாலும் மெத்தை மேல விழுவான்."

வெர்னனுக்கு ஆறும் ஒன்றுதான், நாலும் ஒன்றுதான். அவன் கணக்கு வேறே. அவன் மகன் கோல்பி கழுதைகள் டீமில் பந்து எறிகிறவன். எறிகிறவன் என்றால், இரண்டாவது ஆள். முதல் ஆள் டெவான் ரூக்கர். இந்த ஆட்டத்தில் பந்து எறிகிறவன்தான் மாப்பிள்ளை, மற்றவன் எல்லாம் மாப்பிள்ளைத் தோழன். டெவான் ரூக்கர் கையில் பந்து போனால் முப்பதாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அவன் விழாமல் இருக்கிற வரைக்கும் கோல்பிக்கு வேலை இல்லை. நாலு வருஷம். எல்லா நாளும் பயிற்சிக்குப் போவான், எதிராளி மாதிரி நடித்துக் காட்டுவான், சனிக்கிழமை துவைத்த சட்டை துவைத்தபடியே திரும்பி வரும். ஆட்டத்தில் ஒரு பந்துகூட எறிந்ததில்லை. இந்த வருஷத்தோடு படிப்பு முடிகிறது. இலவு காத்த கிளிக்காவது பறக்க வேறு மரம் இருந்தது.

வெர்னன் ஒரு மாசத்துக்கு முன்னால் கோச் கிப் சாண்டலினை மாதா கோயில் வாசலில் வைத்து மடக்கினான். "லீக்கோட கடைசி ஆட்டம் நம்ம ஊர்லதான நடக்கப் போகுது? என் பையன எறக்குவியா மாட்டியா?"

"நாம நல்லா முன்னால இருந்தா, கடைசி கால் பங்கு பூரா கோல்பிக்கு. போதுமா?"

"இன்னொரு தடவை சொல்லு."

கோச் இன்னொரு தடவை சொன்னான். வெர்னன் கையை நீட்டிச் சத்தியம் வாங்கிக்கொண்டான். அப்படியும் முழுசாக நம்பவில்லை.

வெர்னனும் ஒரு விதத்தில் அந்த மைதானத்து ஆள்தான். மர மில்லில் ரம்பத்துக்குச் சாணை பிடிக்கிற வேலை அவனுக்கு. சனிக்கிழமை மைதானத்தில் கம்பு பிடிப்பான். பத்து கெஜம் முன்னேற நாலு வாய்ப்பு. இது எத்தனாவது வாய்ப்பு, பந்து எங்கே நிற்கிறது என்று காட்ட ஓரத்தில் ஒரு ஆள் நம்பர் வைத்த கம்பை ஊன்றிக்கொண்டு நிற்க வேண்டும். அது வெர்னன். பத்து கெஜத்துக்குச் சங்கிலி பிடிக்க இரண்டு பேர், அதில் ஒருத்தன் ஹாய்ட். மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு வெளியூர்க்காரன் நிற்கிற ஓரத்தில்தான் நிற்க வேண்டும். முதல் நாள் அவனுக்குக் கம்பைக் கொடுத்த கிழவன் சொன்னது இதுதான்: "கம்பு பிடிக்கிறவனுக்கு மொகம் கிடையாது, வாயும் கிடையாது. நம்மாளு ஜெயிச்சா சிரிக்காத, தோத்தா மூஞ்சிய தொங்கப்போடாத. அந்தப் பக்கம் காதுல விழுந்தது இந்தப் பக்கம் வரக்கூடாது." இருபத்தியொரு வருஷத்தில் வெர்னன் ஒருநாளும் தவறியதில்லை. அவனுக்கு அது சுலபம். வீட்டிலேயே அவனுக்கு முகம் கிடையாது.

சனிக்கிழமை மத்தியானம் டன்லப் காலேஜ்காரர்கள் வந்து இறங்கினார்கள். வெயிலும் இல்லை குளிரும் இல்லை. வெர்னன் மனைவி நடீன், மகனுடைய பதினாலாம் நம்பர் சட்டையைப் போட்டுக்கொண்டு பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். டன்லப் ஒன்றும் பெரிய எதிரி இல்லை. பாதி ஆட்டத்துக்குள் கழுதைகள் இருபத்தெட்டு போட்டுவிட்டார்கள். அப்போது ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: மூன்றாம் இடத்துக்காரன், வடக்கே லட்சம் பேர் உட்காருகிற மைதானம் வைத்திருக்கிறவன், நாலு ஆட்டம் தோற்ற ஒரு சொத்தை டீமிடம் தோற்றுப்போனான்.

ஜனம் கழுதை மாதிரியே கத்தியது. ஹாய்ட் சங்கிலியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தொடையைத் தட்டினான்.

"ஒண்ணு விழுந்திருச்சு! இன்னும் ஒண்ணு!"

"மூடு. மஞ்ச சட்ட போட்டிருக்க."

"சட்டதான்யா மஞ்ச, ரத்தம் கழுதை ரத்தம்."

முக்கால் ஆட்டம் முடிந்தபோது நாற்பத்தொன்றுக்கு ஏழு. கோச் சாண்டலின் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். எதிர் ஓரத்தில் கோல்பி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடி வந்தான். வெர்னன் கம்பில் நம்பரைப் பார்த்தான்.

முதல் மூன்று முறையும் பந்தை வாங்கி ஓடுகிறவன் கையில் கொடுத்தான் கோல்பி. மூன்றாவதில் பத்து கெஜம் கடந்தது. வெர்னன் கம்பை எடுத்துக்கொண்டு முன்னால் போய் ஊன்றினான். பிறகு இரண்டு ஓட்டம், இரண்டும் எதிராளிகளின் சுவரில் மோதியது. இப்போது மூன்றாவது வாய்ப்பு, எட்டு கெஜம் வேண்டும். சின்னக் குழந்தைக்கும் தெரியும், இதில் எறிந்துதான் ஆக வேண்டும். வெர்னன் கம்பில் நம்பரை மூன்றுக்குத் திருப்பினான். பத்தாவது வரிசையில் நடீன் எழுந்து நின்றாள்.

கோல்பி பந்துக்குக் கையை நீட்டியபோதுதான் ஒலிபெருக்கி மறுபடி வாய் திறந்தது. நாலாம் இடத்துக்காரனும் போனான். கடைசி நொடியில் எவனோ உதைத்த பந்தில் ஒரு புள்ளியில் போனான்.

மைதானமே குதித்தது. முன்பின் தெரியாதவன் முன்பின் தெரியாதவளைக் கட்டிப் பிடித்தான். ஆறு, ஐந்து, நாலு! எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கி அடுத்ததையும் சொன்னது. ராத்பர்ன்காரன் தன் ஆட்டத்தை நாற்பத்தொன்பது புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டான்.

சத்தம் அப்படியே அடங்கியது. முப்பதாயிரம் பேரும் ஒரே கணக்கைப் போட்டார்கள். தோற்காத சின்னக் காலேஜ் ஒரு பக்கம். ஒன்று தோற்ற பெரிய காலேஜ் ஒரு பக்கம். ஓட்டலில் உட்கார்ந்திருக்கிற பதிமூன்று பேர் எந்தப் பக்கம் சாய்வார்கள்? அவன் நாற்பத்தொன்பதில் ஜெயித்திருக்கிறான். நாம் முப்பத்திநாலு. பத்தாது.

"ரூக்கர்!" என்று எவனோ ஆரம்பித்தான். அடுத்த நிமிஷம் மைதானம் பூரா அதே சத்தம். "ரூக்கர்! ரூக்கர்!" கோல்பி பந்துக்குக் கையை நீட்டிக்கொண்டு குனிந்தபடியே நின்றான். கோச் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி இரண்டு கையையும் ஆட்டினான்.

வெர்னனுக்குப் பக்கத்தில் காது கிழிகிற மாதிரி ஒரு குரல் கேட்டது. திரும்பினான். ஹாய்ட் கத்திக்கொண்டிருந்தான்.

"நீயுமாய்யா?" என்றான் வெர்னன்.

"கோவிச்சுக்காதய்யா. உன் பையன் தங்கம். ஆனா இது வேற. பாயிண்ட் வேணும்ல?"

"ஒரு பந்து எறிஞ்சிட்டுப் போகட்டுமே."

"அது அவனுங்க எவன் கைக்காவது போச்சுன்னா?"

கோல்பி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு ஓரத்துக்கு நடந்தான். அவன் வெளியே வருவதற்கும் ஜனம் கை தட்டியது. போனதற்குத் தட்டிய கை. நடீன் உட்கார்ந்துவிட்டாள்.

டெவான் ரூக்கர் வந்தான். இரண்டே எறிதலில் நாற்பத்தெட்டு. கொஞ்ச நேரத்தில் ஐம்பத்தைந்து. வித்தியாசம் இப்போது நாற்பத்தெட்டு. ராத்பர்ன்காரனுக்கு ஒன்று குறைவு. அந்த ஒரு புள்ளிதான் சனியன். ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கையில் பந்து மறுபடி கழுதைகளிடம் வந்தது. டன்லப்காரர்கள் தலையைத் தொங்கப் போட்டுவிட்டார்கள். மரியாதை தெரிந்த கோச் இந்த இடத்தில் பந்தைக் கீழே வைத்து நேரத்தை ஓட்டிவிடுவான். சாண்டலின் ரூக்கரையே மறுபடி அனுப்பினான்.

வெர்னனுக்கு மூன்று அடி தள்ளி டன்லப்பின் சின்னக் கோச் ஒருத்தன் நின்றான். பன்றி மாதிரி கழுத்துள்ள ஒரு பையனை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"நாப்பத்தெட்டு பாயிண்ட் முன்னால இருந்துக்கிட்டு இன்னும் எறிய வராம்பாரு. நம்மள கால் தொடைக்கிற சாக்குன்னு நெனச்சுட்டானுங்க. முட்டிய எடுத்துருடா."

"யார் முட்டி?"

"எவன் எறியறானோ அவன் முட்டி."

வெர்னன் காதில் ஒவ்வொரு எழுத்தும் விழுந்தது. ஐந்து அடி தள்ளி கோடு போட்ட சட்டையோடு நடுவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். 'ஐயா, அந்தப் பையனைப் பாருங்க.' அவ்வளவுதான். வெர்னன் கம்பைப் பார்த்தான். கம்பில் ஒன்று என்று இருந்தது. அந்தப் பக்கம் காதில் விழுந்தது இந்தப் பக்கம் வரக்கூடாது. நல்ல சட்டம். அந்தக் கிழவன் வாழ்க.

ரூக்கருக்கு எறிய ஆள் கிடைக்கவில்லை. பந்தை இடுக்கிக்கொண்டு ஓரமாக ஓடி வந்தான், வெர்னனை நோக்கியே. ஓரக் கோட்டைத் தாண்டிவிட்டான், அதற்கு அப்பால் அவனை யாரும் தொடக் கூடாது. தாண்டிய பிறகு வேகத்தைக் குறைத்தான். அந்தப் பன்றிக் கழுத்துக்காரன் அப்போதுதான் தாழ்ந்து வந்து முட்டியில் விழுந்தான்.

பனி நாளில் பச்சைப் பைன் கிளை முறிகிற சத்தம் வெர்னனுக்குத் தெரியும். அதே சத்தம்தான்.

ரூக்கர் அவன் காலடியில் மல்லாந்து கிடந்தான். முட்டிக்குக் கீழே கால் வேறு யாருடைய கால் மாதிரியோ ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. பையன் உடனே கத்தவில்லை. கண்ணைத் திறந்து மேலே பார்த்தான். மேலே வெர்னன் முகம் இருந்தது. இருபத்தியொரு வருஷமாக இல்லாத முகம். வெர்னனுடைய உதட்டோரம் தானாக இழுத்தது. பிளேஆஃபில் இனி கோல்பிதான், வேறே ஆள் இல்லை என்று அவன் மனசு கணக்குப் போட்டு முடிப்பதற்கு முன்னாலேயே உதடு போட்டுவிட்டது.

அப்புறம் ரூக்கர் கத்தினான். வெர்னன் கம்பை அசைக்கவில்லை. நடுவர் சொல்லாமல் கம்பை அசைக்கக் கூடாது.

மிச்ச நேரத்துக்குக் கோல்பி வந்தான். பந்தை வாங்கினான், நேரத்தை ஓட்ட முழங்காலைத் தரையில் வைத்தான். மறுபடி வாங்கினான், வைத்தான். ஆட்டம் முடிந்தது. யாரும் கை தட்டவில்லை. ரூக்கரைத் தள்ளிக்கொண்டு போன கட்டிலையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் வெர்னன்தான் பேச்சை எடுத்தான். அதுவே அதிசயம்.

"நல்லா தின்னுடா. பிளேஆஃப்ல நீதான் எறியணும்."

"ரூக்கருக்கு முட்டியே போயிருச்சுப்பா. பணம் குடுத்து ஆட எடுத்துக்கற பெரிய டீம்லேருந்து ரெண்டு பேரு வந்து அவனப் பாத்திட்டுப் போயிருந்தாங்க. இனி எவன் வருவான்?"

"ஒருத்தன் எந்திரிச்சாத்தான் இன்னொருத்தனுக்கு நாற்காலி."

கோல்பி தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். நல்ல பையன். அப்பனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைசி வரிசை வருகிறது. ஊரே காலேஜ் கூடத்தில் கூடியது. கோழி வறுவல், சோளரொட்டி, நடீன் செய்த வாழைப்பழப் புட்டிங். சுவரில் கதவகலத்துக்கு ஒரு டிவி. அதற்கு எதிரே பையன்களை வரிசையாக உட்கார வைத்து, டிவி கம்பெனிக்காரர்கள் கேமராவைத் திருப்பி வைத்திருந்தார்கள். ஜெயித்தால் குதிப்பதைக் காட்டலாம், இல்லாவிட்டால் அழுவதைக் காட்டலாம். அவர்களுக்கு இரண்டும் லாபம்.

டெவான் ரூக்கர் கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரியில் வேண்டாம் என்றார்களாம், கேட்கவில்லை. எல்லோரும் அவன் முதுகைத் தட்டினார்கள். அவன் நேராக வெர்னனிடம் வந்தான். பக்கத்தில் கோல்பி கையில் காகிதத் தட்டோடு நின்றான்.

"சார், உங்கள ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"நேத்து நான் கண்ணத் தொறந்தப்போ மொதல்ல தெரிஞ்சது உங்க மூஞ்சிதான். எதுக்கு சிரிச்சீங்க?"

"நானா? கம்பு பிடிக்கிறவனுக்கு மொகமே கிடையாது தம்பி. வலியில கண்ணுக்கு என்னென்னமோ தெரியும்."

"தெரிஞ்சது சார்."

கோல்பி குறுக்கே வந்தான். "டேய் டெவான், எங்கப்பா அப்பிடிப்பட்டவர் இல்லடா. அவரு என் பொறந்த நாளுக்கே சிரிக்க மாட்டாரு." பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். ரூக்கரும் சிரித்துவிட்டான். "ஊசி போட்டிருக்காங்க, அதான் போல. மன்னிச்சிருங்க சார்" என்றான்.

"பரவால்ல, பரவால்ல" என்றான் வெர்னன்.

டிவியில் ஒன்று வந்தது, இரண்டு வந்தது. அதெல்லாம் தெரிந்ததுதான். மூன்றும் வந்தது. ஐந்தாவதாக இருந்தவன் ஏறியிருந்தான். நாலு என்று எழுத்து வந்து, அதன் கீழே ராத்பர்ன் என்று வந்தது.

பையன் ஒருத்தன் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஹாய்ட் கெட்ட வார்த்தையில் கமிட்டியின் தாய் வழியைக் கூப்பிட்டான். கேமரா எல்லா முகத்தையும் ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டு போனது.

பிறகு கமிட்டித் தலைவர் வந்தார். கோட்டு, டை, நல்ல பல். கேடன் மில்ஸை எல்லோரும் மதிக்கிறோம் என்று ஆரம்பித்தார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுகிற குரல். "ஆனா ரூக்கர் இல்லாத டீம் வேற டீம். அவங்களோட ரெண்டாவது ஆள் இந்த சீசன் முழுக்க ஒரு பந்துகூட எறியல. ஒண்ணாவது எறிஞ்சிருந்தா எங்களால ஒரு முடிவுக்கு வந்திருக்க முடியும்."

கூடமே கோல்பி பக்கம் திரும்பியது. நேற்று 'ரூக்கர், ரூக்கர்' என்று கத்தி அவனை வெளியே தள்ளியவர்கள்தான். இப்போது அவன் எறியாததுதான் குற்றம். கோல்பி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தான்.

"நேத்து அந்த முட்டி உடைஞ்ச இடத்தை மறுபடி பாத்துடலாம்" என்றான் டிவிக்காரன்.

வெர்னன் வாசலைப் பார்த்தான். வாசல் தூரத்தில் இருந்தது.

மெதுவாகக் காட்டினார்கள். ரூக்கர் கோட்டைத் தாண்டுகிறான். பன்றிக் கழுத்துக்காரன் தாழ்கிறான். கால் மடங்குகிறது. அதற்கு மேலே மஞ்சள் சட்டை, கம்பு, கம்புக்கு மேலே வெர்னன் முகம். தெளிவாகத் தெரிகிற முகம். உதடு ஒரு பக்கம் இழுத்து, இன்னொரு பக்கமும் இழுத்து, பல் தெரிந்தது. எங்கே அடி பட்டது என்று சரியாகத் தெரியவில்லையோ என்னவோ, டிவிக்காரன் நிறுத்தி மறுபடி காட்டினான். மறுபடியும் பல் தெரிந்தது.

ரூக்கர் டிவியைப் பார்த்துவிட்டுத் தன் காலைப் பார்த்துக்கொண்டான். கோல்பி டிவியையே பார்த்துக்கொண்டு நின்றான், படம் மாறிய பிறகும்.

கோச் சாண்டலின் தொண்டையைக் கனைத்தான். கண் சிவந்திருந்தது. ஒரு புள்ளிக்கு ஆசைப்பட்டு ஒரு காலை விட்டவன் அவன்தான், ஆனால் அவன் பல்லை யாரும் படம் பிடிக்கவில்லை.

"பசங்களா, கேளுங்க. பிளேஆஃப் இல்லன்னு ஆயிருச்சு. டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி டெக்சஸ் பக்கம் ஒரு ஆறுதல் ஆட்டத்துக்குக் கூப்பிடறாங்க. கோல்பிதான் எறியணும், முழு ஆட்டமும். போறதா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க. வேணாங்கறவன் கையத் தூக்கு."

வெர்னனுக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது. முழு ஆட்டம். கால் பங்கு இல்லை, முழு ஆட்டம். ஆறுதல் ஆட்டமானால் என்ன, நாய்ச் சந்தையானால் என்ன, பந்து பந்துதானே. கூட்டத்துக்கு மேல் எக்கி மகனைப் பார்த்தான்.

ஒருத்தனும் கை தூக்கவில்லை. எல்லாப் பையன்களும் கோல்பியைப் பார்த்தார்கள். அவனுக்குக் கிடைக்கப் போகிற ஒரே ஆட்டம் என்று அவர்களுக்குத் தெரியும். நேற்று ஜனம் பண்ணியது அவர்களுக்கும் கசந்திருந்தது. அவன் சும்மா நின்றிருந்தால் போதும், எல்லோரும் சும்மா நின்றிருப்பார்கள்.

கோல்பி அப்பனைத் தேடிப் பிடித்துப் பார்த்தான். பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினான்.

"டேய்" என்றான் வெர்னன். குரல் வெளியே வரவில்லை.

அப்புறம் ஒவ்வொரு கையாக ஏறியது. கடைசியில் ரூக்கர் ஒரு கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு அவனும் தூக்கினான்.

வெளியே வண்டியில் வெர்னன் காத்துக்கொண்டிருந்தான். நடீன் மட்டும் வந்தாள். கையில் புட்டிங் பாத்திரம், யாரும் தொடவில்லை. ஏறி உட்கார்ந்து பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கோல்பி எங்க?"

"டெவானை வீட்ல விடப் போறான். ராத்திரி அங்கயே இருந்துக்குவானாம்."

"எவனோ எதையோ பல்லுன்னு காட்டுறான், நீயும் அதை நம்பிக்கிட்டு..."

"முப்பது வருஷமா உங்க கூட குடித்தனம் பண்றேன். நீங்க சிரிச்சா எப்பிடி இருக்கும்னு இன்னிக்குத்தான் பாத்தேன்." கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வண்டிய எடுங்க."

தீவனக் கடை வாசலில் ஹாய்ட் ஏணி போட்டிருந்தான். பழைய ஆறைக் கழற்றிக் கீழே சாய்த்துவிட்டு, ஐந்தைத் தூக்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தான். எப்படிப் பார்த்தாலும் ஒரு இடம் ஏறித்தானே இருக்கிறார்கள். கீழே பிடிக்க ஆள் இல்லை. ஏணி பல்லாடுகிற மாதிரி ஆடியது.

வெர்னன் வண்டியை நிறுத்தி இறங்கினான். வழக்கம்போல இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தான். ஆட்டம் நின்றது. ஹாய்ட் குனிந்து பார்த்தான். நேற்று மஞ்சள் சட்டையோடு தொண்டை கிழியக் கத்தியவன்தான்.

"கைய எடு" என்றான்.

"விழுந்துருவய்யா."

"விழுந்தா சிரிக்கலாம்னு வந்தியா? கைய எடுய்யா."

வெர்னன் கையை எடுத்தான். ஹாய்ட் ஆடிக்கொண்டே இரண்டு படி ஏறி, ஐந்தை மாட்டினான்.